ஓவியம் மறந்த இதழ்கள்

(கொல்லிமலை அடிவாரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமேல் ஏறுகின்ற வெளியூரார் எவற்றைக் காண ஏறுகின்றனர்? வடசொல்லால் 'ஆகாய கங்கை' எனப் பெயரிடப்பெற்றுக் கிடக்கும் அருவியைக் காண. அறப்பள்ளி இறைவனை வழிபட. செம்மேட்டில் உள்ள வல்வில் ஓரியின் படிமத்தருகே நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்ள. ஆயின், ஈராயிரம் ஆண்டுகட்கு முன் 'கொல்லி' என்றவுடன் தமிழகத்தார் நெஞ்சில் எழுந்தவை இரண்டு. ஒன்று ஓரியின் வில், மற்றொன்று பாவை.

கொல்லிப்பாவை என்பது ஒரு கலைப்பொருள். மலைமேல் அமைக்கப்பெற்ற பெண்ணுருவம். பூதம் ஒன்றால் ஆக்கப்பெற்றது என்று நற்றிணைப் புலவர் ஒருவர் அதனைப் போற்றுகின்றார். கடுங்காற்று மோதினும், மழை பொழியினும், இடி இடிப்பினும், நிலமே நடுங்கினும் தன் எழில் திரியாதது என்று பரணர் பாடுகின்றார். கபிலரும் குறுந்தொகையில் அப் பாவையைச் சுட்டுகின்றார். இன்றும் மலைமேல் கொல்லிப்பாவை என வழிபடப்பெறும் கோயில் உண்டு. பழம்புலவர் கண்ட பாவை அதுதானா என்பது வேறோர் ஆராய்ச்சி. இங்கு வேண்டுவது இது: அப் பாவையை வடித்த கை எது என்று எவரும் அறியார், அது கல்லா, மரமா, சுதையா என்றும் அறியார். எனினும் அது தமிழ் நெஞ்சில் இன்றுவரை நிற்கின்றது. எதனால்? கண்டவர் எழுதினர், அதனால் நின்றது.

படிமத்திற்கும் ஓவியத்திற்கும் வாழ்வு இரண்டு. கல்லிலும் சுவரிலும் துணியிலும் உள்ள வாழ்வு ஒன்று. கண்டவர் சொல்லில் உள்ள வாழ்வு மற்றொன்று. முதலது அழியினும் இரண்டாவது காக்கும். இரண்டாவது இல்லையேல் முதலது இருந்தும் இல்லாததே. பரணர்க்கும் கபிலர்க்கும் அன்று இருந்த அப் பொறுப்பு, அச்சு வந்தபின் இதழ்களின் கைக்கு வந்தது. இதழ்கள் அதனை என் செய்தன என்பதே இப் பொழிவின் பொருள்.

பழந்தமிழர் ஓவியத்தைக் கண்டு வாய்மூடி நின்றவரல்லர். பரிபாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்தைப் பாடுமிடத்தில், சுவரெல்லாம் ஓவியம் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்றைக் காட்டுகின்றார். கோயிலுக்கு வந்தோர் சுவரைச் சுட்டி இஃது யார், இஃது என்ன என வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். (அவ்வோவியங்களில் இருந்த கதைகள் வடநாட்டுக் கதைகள், அது வேறு. கேட்டதும் விளக்கியதும் தமிழ்.) ஓவியத் திறனாய்வு என்று இன்று பெரும்பெயரிட்டு அழைப்பதன் முழு உள்ளடக்கமும் அவ்வளவே: அறியாதவன் வினா, அறிந்தவன் விடை, இருவர்க்கும் எதிரே ஓர் ஓவியம்.

அதற்குரிய சொல்வளமும் தமிழில் குறைவில்லாதிருந்தது. ஓவம், ஓவியம் என்பன ஒவ்வுதல், அஃதாவது ஒத்தல், என்னும் வினையினின்று பிறந்தவை எனச் சொல்லாய்வாளர் கூறுவர். வண்ணம் தீட்டாத கோட்டு வரைவினைப் 'புனையா ஓவியம்' என்றது நெடுநல்வாடை. ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்றது மதுரைக்காஞ்சி. காண்போர் கண்ணுக்குள்ளே தம் வினையைக் கொண்டு நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. எந்த மொழியில் ஓவியனுக்கு இத்தகைய பெயர் உண்டு! தூரிகையைத் துகிலிகை என்றனர். சுதையால் உருச் செய்வோரை மண்ணீட்டாளர் என்றனர். இச் சொற்களுள் ஒன்றையேனும் கடந்த ஓராண்டில் எந்த நாளிதழிலேனும் கண்டார் உளரா?

நாமக்கல்லில் விடியற்காலையில் எந்தத் தமிழ் நாளிதழையும் விரித்துப் பார்க்கலாம். அரசியல் இருக்கும்; கொலை இருக்கும்; களவு இருக்கும்; திரைப்படம் மிகுதியாகவே இருக்கும்; ஓரைப்பலன் தவறாது இருக்கும். முட்டை விலை இருக்கும். நாமக்கல் முட்டை விலை தமிழகம் முழுமைக்கும் அளவுகோல் ஆதலின் அதனை அச்சிடுவதில் பிழையில்லை. கோழிப்பண்ணையாளர்க்கு அது வேண்டும். ஆயின் அந்நகரில் ஒருவர் ஓவியக் காட்சி வைத்தால், ஒரு கல்தச்சர் ஐந்தாண்டு உழைத்து ஒரு படிமத்தை முடித்தால், ஒரு பழங்கோயிற் சுவரோவியத்தின்மேல் சுண்ணாம்பு அடிக்கப்பெற்றால், முட்டைக்குக் கிடைக்கும் அரை விரற்கடை இடம் அதற்குக் கிடைக்குமா?

ஆடித் திங்களில் கொல்லிமலையில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவைப் பற்றிச் செய்தி வருகின்றதே எனலாம். வருகின்றது. விழாவைத் தொடங்கி வைத்தவர் யார், முன்னிலை வகித்தவர் யார், வாழ்த்துரைத்தவர் யார் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. மலர்க்காட்சியில் எந்த உருவம் மலரால் அமைக்கப்பெற்றது என்பதும் ஒரு வரி வரும். ஓரியின் படிமத்தை வடித்த கையின் பெயரை, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோருள் எத்துணைப் பேர் அறிவர்? கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி, தன்னைப் பாடிய பாணர்க்கும் கூத்தர்க்கும் யானையும் அணிகலனும் ஈந்தவன். அவன் விழாச் செய்தியில் கலைஞனுக்கு இடமில்லை என்பதனை என்னென்பது!

எப்பொழுதும் இந் நிலை இருந்ததன்று. இக் கொல்லியின் நிழலிலேயே அதற்குச் சான்று உண்டு.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனாரைப் பாவலராகவே நாடு அறியும். 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனவர் அவர். ஆனால், வாழ்க்கையின் முற்பகுதியில் அவரைச் சோறு ஊட்டி வளர்த்தது ஓவியத் தொழில். ஆளுருவ ஓவியம் தீட்டி வாழ்ந்தவர். தில்லி முடிசூட்டு விழாவையொட்டி அவர் வரைந்த ஓவியத்திற்குப் பொற்பதக்கமும் கிடைத்தது. அதே நாமக்கல்லில் 1919-இல் பிறந்த பி.எம். சீனிவாசன் என்னும் இளைஞரின் கைத்திறனைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளிக்குச் சென்று பயிலுமாறு ஊக்கியவரும் கவிஞரே. அவ்விளைஞர் சென்று, தேவிபிரசாத் இராய் சௌத்திரியார் தலைமையில் இருந்த அப் பள்ளியில் பயின்றார். பின்னர் ஆனந்த விகடனில் அமர்ந்தார். அங்கே மூத்த ஓவியராய் இருந்த மாலி அவருக்கு இட்ட பெயர் 'சில்பி'. அப் பெயரே நின்றது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஆனந்த விகடன் தனித்தமிழ் இதழன்று. அதன் நடை வடசொற் கலப்பு மிக்க நடை. தனித்தமிழன்பர் அதனொடு மாறுபட்டுப் பொருத வேண்டிய இடங்கள் பல. ஆயினும் 1948 அளவில் தொடங்கிப் பத்தாண்டுகட்கு மேலாக அவ்விதழ் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் வரிசையில் சில்பியின் கோயிற்படிம ஓவியங்களை விளக்கத்தொடு கிழமைதோறும் வெளியிட்டது. ஒரு கிழமையிதழ், ஊதியம் கொடுத்து, செலவுக்குப் பணம் கொடுத்து, ஓர் ஓவியரைத் தென்னாட்டுக் கோயில்தோறும் அனுப்பிற்று. அவர் படிமத்தின் எதிரே மணிக்கணக்கில் அமர்ந்து, தூணில் உள்ள யாளியின் பல்லையும் நங்கையின் மேகலையில் தொங்கும் முத்தையும் ஒன்று விடாமல் வரைந்தார். கிருட்டிணாபுரத்துத் தூண்களையும் பேரூர்த் தூண்களையும் சென்று காணும் வாய்ப்பில்லாத எளிய வீட்டுப் பெண்டிர் அடுப்பங்கரையில் அமர்ந்து அவற்றைக் கண்டனர். இதழைக் கிழித்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியவர் பலர். அவ்வோவியத்தையே வைத்து வழிபட்டவரும் உண்டு.

அவ்வோவியங்களின் பயன் வழிபாட்டோடு முடிந்ததன்று. தன் ஊர்க் கோயிலில் உள்ள தூண் வெறும் தூண் அன்று, அதன்மேல் எண்ணெய் தடவவும் சுண்ணாம்பு பூசவும் கூடாது என்பதனை ஓர் எளிய மாந்தன் எங்ஙனம் அறிவான்? அரசாணை படித்து அறிவானா? இதழில் அதன் ஓவியத்தைக் கண்டு, அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது நின்று பார்த்து அறிவான். 1983-இல் சில்பி மறைந்தார். அவர் விட்ட இடத்தை அத்துணைப் பரப்பில் நிரப்பும் பணியை எந்த வெகுமக்கள் இதழும் மேற்கொள்ளவில்லை.

கொல்லிக்குக் கிழக்கே துறையூர்ப் பக்கம் கீராம்பூர். அங்கே 1938-இல் பிறந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று, 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி அடிகளைப் பற்றி நூறு கோட்டோவியங்கள் வரைந்தவர். வெறும் கறுப்பு மையும் எழுதுகோலும்; புனையா ஓவியம் என்று நெடுநல்வாடை சொன்னது அதுவே. அவர் கோடுகள் சிற்றிதழ்களின் அட்டையிலும் நூல்களின் அட்டையிலும் ஏறின. கி. இராசநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' விகடன் நிறுவனத்தின் மற்றோர் இதழில் தொடராக வந்தபோது ஆதிமூலத்தின் ஓவியங்களும் உடன் வந்தன. உழவனின் முகச்சுருக்கத்தை நவீன ஓவியன் எங்ஙனம் காண்பான் என்பதனை ஊர்ப்புறப் படிப்பாளி அங்கே கண்டான். 2008-இல் அவர் மறைந்தார். ஒரே மலையின் இருபுறத்து அடிவாரத்திலும் இத்தகைய இருவர் தோன்றினர் என்னும் பெருமையை நாமக்கல்லிலோ துறையூரிலோ பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால், அவர் யார் என்று கேட்பர். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அவர்கட்குச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

வீழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது? அச்சுப்பொறி மாறியது, ஒளிப்படத்தை எளிதில் அச்சிட முடிந்தவுடன், கதைக்குப் படம் வரையும் ஓவியர்க்கே வேலை குறைந்தது. அட்டையில் ஓவியம் இருந்த இடத்தில் நடிகையின் ஒளிப்படம் வந்தமர்ந்தது. நாளிதழ்களில் தமிழ் மக்கள் அன்றாடம் கண்ட ஒரே கையோவியம், தினத்தந்தியில் 1960-இல் தொடங்கி அறுபதாண்டு கடந்தும் ஓடிய 'கன்னித்தீவு' என்று சொல்லிவிடலாம். அதனை எள்ளுதற்கில்லை, எழுத்தறியாதவனையும் இதழ் வாங்கச் செய்தது அது. ஆயினும் ஏழுகோடி மக்களின் ஓவியப்பசிக்கு ஒரு தீவு போதுமா?

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டச் செய்திக்கென்றே தனிப் பக்கங்கள் வந்தன. உள்ளூர்ச் செய்திக்கு இடம் பெருகிற்று. பெருகிய இடத்தில் கலை மட்டும் ஏறவில்லை. வட்டத்துக்கு ஒருவர் எனப் பகுதிநேரமாய் வேலை செய்யும் செய்தியாளர் காவல்நிலையத்தையும் ஆட்சியர் அலுவலகத்தையும் சுற்றி வருவதற்கே பொழுது போதாது. அவருக்கு ஓவியம் பற்றி எவரும் பயிற்சி அளித்ததில்லை. எழுதினாலும் வெளிவரும் என்னும் உறுதியில்லை. விளம்பரம் கொடுப்பார் எவரும் ஓவியத்தின் பின்னால் நிற்பதில்லை. தனியாளை நோவதில் பொருளில்லை. வைத்தவன் வைத்த இடத்தில் விளக்கு எரியும்.

இவற்றினும் பெரிய கரணியம் ஒன்று உண்டு. அஃது ஆங்கிலம்.

1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பேரியக்கமே கிளர்ந்தது. கே.சி.எசு. பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் ஊரை அமைத்தார். ஓவியர் தாமே நிலம் வாங்கி, கைவினைப் பொருள் செய்து விற்று, எவர் கையையும் எதிர்பாராது வாழ்ந்த ஊர் அது. தனபால், சந்தானராசு, ஆதிமூலம் முதலாயினோர் தமிழ் மண்ணின் கோட்டையும் நிறத்தையும் புதுவதாகக் கண்டனர். இவ்வியக்கம் தன்னைப்பற்றிப் பேச நடத்திய இதழின் பெயர் 'ஆர்ட் டிரெண்ட்சு', மொழி ஆங்கிலம். காட்சி அரங்கின் அழைப்பிதழ் ஆங்கிலம், குறிப்பேடு ஆங்கிலம், அதனைப் பற்றிய திறனாய்வு வந்ததும் பெரும்பாலும் ஆங்கில நாளிதழில். கோயில் தூணிலும் தெருக்கூத்து முடியிலும் தோற்பாவையிலும் இருந்து எடுத்த உருவங்கள், அவற்றை உருவாக்கிய மக்களுக்குப் புரியாத மொழியில் விளக்கப்பெற்றன! பரங்குன்றத்து மண்டபத்தில் வினவியவனும் தமிழன், விடைசொன்னவனும் தமிழன். சென்னைக் காட்சி அரங்கில் வினவ வேண்டியவன் வாயிலுக்கு வெளியே நின்றான்.

தமிழில் எழுதியோர் இல்லாமலில்லை. மயிலை சீனி. வேங்கடசாமியார் 1956-இலேயே 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்னும் நூலை ஆக்கி, ஓவியமும் படிமமும் கட்டடமும் தமிழரிடம் எங்ஙனம் வளர்ந்தன என விரித்துரைத்தார். சேலத்திலிருந்து 1968 முதல் 1970 வரை வந்த 'நடை', சென்னையிலிருந்து 1970-இல் தொடங்கிய 'கசடதபற' முதலிய சிற்றிதழ்கள் புதுக்கலைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தன. 'கொல்லிப்பாவை' என்னும் பெயரிலேயே 1970களில் ஒரு சிற்றிதழ் வெளிவந்தது. ஆனால் அவை சில நூறு பேர் கைக்கே சென்றன. தனித்தமிழ் இதழ்களோ சொல்லைக் காக்கும் போரில் முழுவதும் ஈடுபட்டு, கண்ணால் காணும் கலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. சொல்லாய்வுக்கு நூறு பக்கம் ஒதுக்கியவர்கள் ஓவியத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கியிருப்பின், 'புனையா ஓவியம்' இன்று அகரமுதலியில் மட்டும் கிடவாது, மக்கள் வாயில் வழங்கும்.

வெளிநாட்டைப் பாருங்கள். 1874-இல் பாரிசு நகரில் ஓவியர் சிலர் கூடி ஒரு காட்சி வைத்தனர். கிளாட் மொனே என்பார் ஞாயிறு எழும் துறைமுகத்தை வரைந்து, 'உள்ளப்பதிவு' என்னும் பொருள்படும் பெயரிட்டு அங்கே வைத்தார். அந்நகரத்து நகையிதழ் ஒன்றில் இலூயி இலெருவா என்பவர் அதனை எள்ளி எழுதி, அவர்களைப் 'பதிவுக்காரர்' என்று பழித்தார். அப் பழிப்பே பெயராகி உலகம் முழுதும் பரவிற்று. புகழ்ந்து எழுதவேண்டும் என்பதுகூட இல்லை. உள்ளூர் இதழில் ஒருவன் சென்று கண்டு, சினந்தேனும் எழுதினால் போதும். தமிழ் ஓவியர்க்கு அத்தகைய வசவுகூடக் கிடைக்கவில்லை. இன்று மேலை நாடுகளிலும் நிலை இறங்கிவிட்டது. நகர நாளிதழ்கள் தம் ஓவியத் திறனாய்வாளர்களை வீட்டுக்கு அனுப்புகின்றன. 2013-இல் 'சிக்காகோ சன்-டைம்சு' தன் ஒளிப்படக் கலைஞர் அனைவரையும் ஒரே நாளில் நீக்கிற்று. அங்கே இருந்து இழந்தனர். இங்கே முழுதாகப் பெறுவதற்கு முன்னரே இழந்தாயிற்று.

இழப்பு எத்தகையது என்பதனை இரண்டு இடங்களில் காணலாம்.

ஒன்று கோயில். தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதனை 1931-இல் கோவிந்தசாமி என்னும் ஆசிரியர் கண்டறிந்தார். நாளிதழ் அதனை உலகுக்கு அறிவித்தது. அறிவித்ததனால் அறிஞர் வந்தனர், காவல் வந்தது. அதன்பின் எத்துணையோ ஊர்க் கோயில்களில் திருப்பணி என்னும் பெயரால் தூண்கள்மேல் மணலைப் பாய்ச்சிச் சீவினர், பழஞ்சுவரோவியங்களின்மேல் வெள்ளையடித்தனர். குடமுழுக்குச் செய்தி நான்கு பத்தியில் வந்தது. சீவப்பட்ட தூணைப் பற்றி ஒரு வரி வந்த ஊர் அரிது. நாமக்கல் மலைக்கோட்டையின் அடியில் அதியமான் மரபினர் ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரைகள் உண்டு. மடங்கலும் உலகளந்த நெடியோனும் அப் பாறையில் உயிரோடு நிற்கின்றனர். அவற்றைப் பற்றி அந்நகர்ப் படிப்பாளி தன் ஊர்ப் பக்கத்தில் கடைசியாக எப்பொழுது படித்தார்?

மற்றொன்று தெரு. நாமக்கல் சரக்குந்துக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இந்தியா முழுதும் ஓடும் சரக்குந்துகளுக்கு இங்கே மரமும் இரும்பும் கொண்டு கூடு கட்டுகின்றனர். கட்டிய கூட்டுக்கு வண்ணம் பூசி, பூவும் கொடியும் மயிலும் புலியும் தீட்டி, உரிமையாளர் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் நிழல்விழும் எழுத்தில் எழுதும் கைவினைஞர் ஒரு கூட்டமே இந்நகரில் வாழ்ந்தது. பள்ளி செல்லாது, மூத்தவர் பக்கத்தில் நின்று, முதலில் வண்ணக் குவளை கழுவி, பின்பு கோடு இழுத்து, பின்பு எழுத்து எழுதிக் கற்றவர்கள். அவர்களுள் ஒருவர் தீட்டிய மயில் காசுமீரம் வரை செல்லும். ஓவியக் காட்சி அரங்கில் மாட்டிய ஓவியம் எதுவும் அத்துணைத் தொலைவு சென்றிராது. நெகிழிப் பதாகையும் ஒட்டுப்படமும் வந்தபின் அக் கைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கடைப்பெயர்ப் பலகை எழுதியவர்க்கும் அதே நிலை. தேர்தல் சுவரெழுத்தாளர்க்கும் அதே நிலை. சரக்குந்து வேலைநிறுத்தம் என்றால் முதற்பக்கம். சரக்குந்தின்மேல் உள்ள ஓவியம் மறைந்ததற்கு இரங்கற் செய்தி இல்லை. எந்தத் தொழில்நுட்பம் எப்பொழுது வந்தது, எந்தக் கை எந்த வளைவை இழுத்தது, எந்தக் கலவை வெயிலுக்கு மங்காதது என்னும் அறிவெல்லாம் முதியவர் சிலரின் நினைவில் உள்ளன. அவர்கள் போனால் அதுவும் போகும். பாவைக்கு ஒரு பரணர் இருந்தார். இவர்கட்கு யாரும் இலர்.

இப்பொழுது செயற்கை அறிவு கொண்டு நொடியில் உருவம் ஆக்கும் பொறி வந்துவிட்டது. இதழ்கள் கதைப்படத்துக்கும் அட்டைப்படத்துக்கும் அதனை நாடத் தொடங்கியுள்ளன. ஓவியனைப் பற்றி எழுதாது விட்ட இதழ், இனி ஓவியனையே வேண்டாம் என்னும். கேட்பார் இல்லையேல் அது விரைவில் நடந்து முடியும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? நாளிதழ்கள் திடீரெனத் திருந்திவிடும் என்று காத்திருத்தல் வீண். கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள தமிழன்பர் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஒரு படிமம், ஓர் ஓவியம், ஒரு கைவினைஞர் என நேரிற் சென்று கண்டு, அரைப் பக்கம் எழுதி, மாவட்டப் பதிப்பின் ஆசிரியர்க்கு அனுப்புதல் வேண்டும். வெளியிடவில்லையெனில் மறுதிங்களும் அனுப்புதல் வேண்டும். பிறமொழிச் சொல் கலவாது எழுத வேண்டும். சொல் இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை, மேலே காட்டியவை எல்லாம் உள்ளன. ஒளிப்படத்தின் கீழே, நிற்பவர் பெயருக்கு முன்னால், செய்தவர் பெயரை எழுத வேண்டும். தனித்தமிழ் இதழ்களும் தம் பின்னட்டையை இதற்கென ஒதுக்கலாம், அதற்குப் பெருஞ்செலவில்லை. ஆசிரியர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் குடைவரைக்கு அழைத்துச் சென்று, கண்டதை எழுதச் செய்து, அதில் சிறந்த ஒன்றை இதழுக்கு அனுப்பலாம்.

வரும் ஆடியில் ஓரி விழாவுக்கு மலைமேல் செல்வோர், செம்மேட்டில் படம் எடுத்துக்கொண்டபின், அப் படிமத்தை வடித்தவர் யாரென்று அங்குள்ள அலுவலரிடம் வினவுவாராக. விடை கிடைப்பின் எழுதி அனுப்புவாராக. அலுவலர் அறியாராயின், அவர் அறியார் என்பதனையே செய்தியாக எழுதி அனுப்புவாராக.